செயலாளர் ஆண்டறிக்கை: பந்து பிடிக்கத் தடுமாறும் பிள்ளைகளும் நம்ம சங்கமும்

சங்கத்தார் எல்லாருக்கும் வணக்கம். வழக்கமாக நம்ம ஆண்டறிக்கை தெருவிளக்கு, வாய்க்கால் தூர்வாரியது, கோயில் கொடைக்குத் தண்ணீர்ப்பந்தல் போட்டது என்று வரிசையாகப் போகும். அதெல்லாம் இந்த ஆண்டும் நடந்தது, கணக்கைப் பொருளாளர் அண்ணாச்சி வாசிப்பார். பிள்ளைகளுக்கு நம்ம சங்கத்தில் நடந்த இயக்கத்திறன் சோதனையை, அதாவது கை கால் அசைவு எவ்வளவு ஒழுங்காக வருகிறது என்று பார்ப்பதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுதப்போகிறேன். மூளை டெஸ்டாம், ஊசி போட்டார்களாம், சர்க்காருக்குப் பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம் என்று டீக்கடையில் ஓடிய பேச்சுக்கு ஒரு பதில் வேண்டுமே.

ஆரம்பம் பொங்கல் விளையாட்டுப் போட்டியில். சாக்கு ஓட்டம், லெமன் ஸ்பூன் எதை வைத்தாலும் சில பிள்ளைகள்தான் எப்போதும் கடைசி. அப்படிக் கடைசியாக வந்த ஒரு பையனைப் பார்த்து மைக் பிடித்தவர் “அடுத்து ஆமை வாகனம் எழுந்தருளுது” என்று சொல்ல, கூட்டமும் சிரித்தது. அந்தப் பையனுடைய அம்மா அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வந்து, இவனுக்குச் சட்டைப் பொத்தான் போடவே பள்ளிக்கூட பஸ் போய்விடுகிறது, கணக்கில் நல்ல மார்க், ஆனால் எழுத்து கோழி கிண்டின மாதிரி, இது திமிரா சீக்கா சொல்லுங்கள் என்று நேராகவே கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. அப்புறம்தான் திருநெல்வேலியில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது உடுப்பு, எழுத்து மாதிரி அன்றாட வேலைகளைப் பழக்கிக் கொடுக்கும் சிகிச்சையாளராக இருக்கும் நம்ம ஊர்ப் பெண்ணைக் கூப்பிட்டோம்.

இப்படிப் பிள்ளைகள் தடுமாறுவதற்குப் பெயர் டெவலப்மெண்டல் கோஆர்டினேஷன் டிஸார்டர், சுருக்கமாக டிசிடி, டிஸ்பிராக்சியா என்றும் சொல்வார்கள். 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5, 6 பேருக்கு இருக்கும் என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட கணக்கு. அதாவது நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் இரண்டு பேர். பையன்களில் கூடுதல், குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளிலும் கூடுதல். புத்தியில் ஒரு குறையும் கிடையாது. கை காலில் பலமும் இருக்கும். ஒரு வேலைக்கு எந்த அசைவு முதலில், எது அடுத்து, எவ்வளவு வேகம் என்று மூளை கோத்துக் கொடுப்பதில்தான் தடங்கல்.

சரி, சோதனைதானே, நம்ம பொங்கல் போட்டியையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி நடத்தி மார்க் போட்டுவிடலாம் என்று கமிட்டியில் பலமான கருத்து இருந்தது. சோதனைச் சாமான்கள் அடங்கிய பெட்டியின் விலையைக் கேட்டபின் இன்னும் பலமானது. தெரபிஸ்ட் சம்மதிக்கவில்லை. எவ்வளவு தூரத்தில் நின்று எறிய வேண்டும், எத்தனை முறை பழக விடலாம், என்ன வார்த்தை சொல்லி விளக்க வேண்டும் என்பது எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாக இருந்து, அதே வயதுப் பிள்ளைகளின் அளவோடு ஒப்பிட்டால்தான் அது சோதனை, மற்றதெல்லாம் போட்டி என்று சொல்லிவிட்டார். அவர் கொண்டுவந்தது மூவ்மெண்ட் ஏபிசி என்ற சோதனையின் இரண்டாம் பதிப்புப் பெட்டி, 2007இல் வந்தது. 3 முதல் 16 வயது வரை மூன்று பிரிவு, ஒவ்வொன்றிலும் எட்டு வேலை: விரல் வேலை மூன்று, எறிதல் பிடித்தல் இரண்டு, நிதானமாக நிற்பது நடப்பது தாவுவது மூன்று. ஒரு பிள்ளைக்கு இருபது முதல் நாற்பது நிமிஷம், தனி அறை, வேடிக்கை பார்க்க யாரும் கூடாது. பக்கத்து மண்டபத்தில் சடங்கு வீட்டு ரேடியோ செட் அலறியதால் முதல் தேதியையே தள்ளிப்போட வேண்டியதாயிற்று.

பெற்றோர் சம்மதத்துடன் ஓரமாக உட்கார்ந்து நான் பார்த்தது ஒரு நாலாம் வகுப்புப் பையனுடைய சோதனை. துளை போட்ட பலகையில் சின்னச் சின்ன முளைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செருக வேண்டும், முதலில் எழுதுகிற கை, பிறகு மற்ற கை. வலது கை முளையை எடுக்கும்போதெல்லாம் பலகையைப் பிடித்திருந்த இடது கை விரல்களும் கூடவே மடங்கி விரிந்தன, நாக்கு வெளியே வந்துவிட்டது. துளைக்குப் பக்கத்தில் இடித்து இடித்துத்தான் ஒவ்வொன்றும் உள்ளே போனது. ஒன்று மேசைக்கடியில் உருண்டது, குனிந்து எடுத்தவன் எழும்போது தலையை இடித்துக்கொண்டான், ஆனாலும் கடைசி முளை வரைக்கும் விடவில்லை. இவனைத்தான் சோம்பேறி என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது!

மொத்த மதிப்பெண் அந்த வயதுக்காரர்களில் கடைசி 5 சதவீதத்துக்குள் விழுந்தால் சிவப்பு, 6 முதல் 15 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. சிவப்பு வந்தாலே டிசிடி என்று ஆகிவிடாது, இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாம் போலிருக்கிறது. ஒப்பிடும் அளவே பிரிட்டன் பிள்ளைகளை வைத்து எடுத்தது. அதோடு சாப்பாடு, உடுப்பு, எழுத்து என்று தினசரி வேலை கெடுகிறதா, சின்ன வயதிலிருந்தே இருக்கிறதா, கண்பார்வையோ நரம்போ வேறு காரணமோ இருக்கிறதா என்று எல்லாம் பார்த்து டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும். ஐந்து வயதுக்கு முன்னால் பொதுவாக அந்தப் பெயரைச் சூட்டுவதில்லை. நம்மிடம் பந்தைத் தவறவிட்ட ஒரு பெண்பிள்ளைக்குக் கண்ணாடிதான் தேவைப்பட்டது.

இன்னொரு விஷயம், பெற்றோர் கட்டாயம் கவனிக்க வேண்டியது. முன்பு ஏறிய படியை இப்போது ஏற முடியவில்லை, தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி ஊன்றி எழுகிறான் என்றால் இந்தச் சோதனைக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது, அது தசை நோயாக இருக்கலாம், உடனே திருநெல்வேலி ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

எத்தனை பேருக்கு என்ன நிறம் வந்தது என்று இந்த அறிக்கையில் போடவில்லை. நம்ம ஊர் அளவுக்கு எண்ணைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். முடிவுத் தாள் அந்தந்த வீட்டில் மட்டும் கொடுக்கப்பட்டது. பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று பட்டியல் கேட்டது, கொடுக்கவில்லை, அதில் அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்.

“ஏய்யா, மாத்திரை தின்னா சரியாயிருமா?” என்று ஒரு ஆச்சி கேட்டார். இதற்கென்று மாத்திரை கிடையாது, எந்த வேலை வரவில்லையோ அந்த வேலையையே சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்துப் பழக்க வேண்டும். பொத்தான் போட வராதென்றால் முதலில் பெரிய பொத்தான், கடைசிப் பொத்தானை மட்டும் அவனே போடட்டும். சைக்கிள் என்றால் பெடலைக் கழற்றி, சீட்டைத் தாழ்த்தி, காலால் உந்திப் போகப் பழகட்டும். சும்மா தோப்புக்கரணம் போடவைப்பதால் கையெழுத்து திருந்தாது. மாலையில் நம்ம ஹாலில் இந்தப் பழக்கம் நடக்கிறது, பெயர் “விளையாட்டு வகுப்பு”, எல்லாப் பிள்ளைகளும் வரலாம். பாண்டியும் தட்டாங்கல்லும் அங்கே திரும்ப வந்ததில் ஆச்சிமாருக்குத்தான் அதிகக் கொண்டாட்டம்.

பள்ளிகளுக்கு ஆண்டுக்கொரு முறையும் அங்கன்வாடிக்கு இரண்டு முறையும் வரவேண்டிய ஆர்பிஎஸ்கே (பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் சர்க்கார் திட்டம்) மருத்துவக் குழுவிடம் பிள்ளையின் தடுமாற்றத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்ற தலைப்புக்குள் டிஸ்பிராக்சியாவும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்க வேண்டி வந்தால் அந்த வரி உதவும், ஆனால் சான்றிதழ் இல்லாமல் நடக்காது.

மற்றவை: நூலகத்துக்கு இரும்பு பீரோ வாங்கியாகிவிட்டது. சந்தா பாக்கி அப்படியேதான் இருக்கிறது.

பொதுக்குழு முடிவுக்கு இரண்டு தீர்மானம். ஒன்று, பொங்கல் போட்டியில் பிள்ளைகளுக்கு முதலிடம் கடைசியிடம் அறிவிக்காமல் கலந்துகொண்ட எல்லாருக்கும் பரிசு. கமிட்டியில் இதற்கு எதிர்ப்பு உண்டு, போட்டியே செத்துப்போகும் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, பெரியவர்களுக்கு உறியடியும் கபடியும் இருக்கிறதே, அங்கே முட்டிக்கொள்ளட்டும். இரண்டு, மைக் பிடிப்பவரைக் கமிட்டி முன்கூட்டியே முடிவு செய்யும். இதற்கு எதிர்ப்பு வரவில்லை.