கிலோவை மட்டும் கேட்காதே

கோத்தகிரி

அன்புள்ள செல்வி,

பதில் போட ரொம்ப நாளாகிவிட்டது, கோபிக்காதே. அம்மா நலம். லட்சுமி அக்கா மகளுக்குத் தையில் கல்யாணம். 'பஸ் கிடைக்கவில்லை' என்று பழைய கதையைச் சொன்னால் அக்கா உன்னைச் சும்மா விடமாட்டாள்.

தையல் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் ஆகிவிட்டதாக எழுதி, டீமுக்கு டார்கெட் எப்படி வைப்பது என்று கேட்டிருந்தாய். இங்கே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்ததைக் கேள்.

ஏப்ரல், மேயில் கொழுந்து பொங்கி வந்ததும், ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று மேலே இருப்பவர்கள் கணக்குப் போட்டார்கள். கிலோ வந்தது. சாக்கைக் கவிழ்த்தால் நல்ல கொழுந்தாக, இரண்டு இலையும் மொட்டுமாக இருப்பதைத் தேடிப் பொறுக்க வேண்டும். முற்றின இலை நாரும் குச்சியுமாகத் தூளில் சேரும், சாயம் இறங்காது, குன்னூர் ஏலத்தில் விலை போகாது. ஆனால் திட்டு வாங்கியது பறித்த பெண்கள்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டது கிலோ, கொடுத்ததும் கிலோ. அவர்கள்மேல் என்ன தப்பு?

சண்டை போட்டு மாற்றியிருக்கிறேன். இப்போது எடை போடும்போது எல்லார் சாக்கிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்துக் கலந்து, அதில் 100 கிராம் நிறுத்து, நல்லது ஒரு பக்கம், முற்றினது ஒரு பக்கம் என்று பிரிக்கிறோம். நல்ல இலை எத்தனை கிராமோ அதுவே சதவீதம். பிரிப்பது பறித்தவர்களில் ஒருவர், அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. பலகையில் கிலோவுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுகிறோம். அன்றைய வேலை அன்றைக்கே தெரிகிறது. கம்ப்யூட்டர் சிப் செய்யும் இன்டெல் கம்பெனியை நடத்திய ஆன்டி குரோவ் இதைத்தான் சொன்னார்: ஒன்றை அளந்தால், அதனால் கெடக்கூடிய இன்னொன்றையும் ஜோடியாக அளந்துவிடு.

நீ அனுப்பிய ட்ரெயினிங் தாளில் இருந்த, இலக்கை ஐந்து அம்சமாகப் பார்த்து வைக்கும் 'ஸ்மார்ட்' முறை நல்லதுதான். ஆனால் ஐந்து கட்டத்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. 1981-இல் அதை எழுதிய ஜார்ஜ் டோரனே, எல்லா இலக்குக்கும் ஐந்தும் பொருந்தாது என்று சொல்லியிருக்கிறார்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, செல்வி. ஆள் பற்றாமல் அதே செடிக்குத் திரும்பிவர நாள் தள்ளிப்போனால், எவ்வளவு கவனமாகப் பறித்தாலும் இலை முற்றித்தான் இருக்கும். அது பறிப்பவர் கையில் இல்லை, என் கையில் இருக்கிறது. அதனால் ரவுண்டுக்கு எத்தனை நாள் என்பதை என் பெயருக்கு நேராக அதே பலகையில் எழுதச் சொல்லிவிட்டேன். டீம் கையில் இல்லாததை டீம் தலையில் கட்டுவது அநியாயம்.

இப்போது கவலை ஜனவரி. பனியில் கொழுந்து விடுவதே குறைவு, அதற்கும் மே மாதக் கிலோவையே கேட்கிறார்கள். அடுத்த வாரம் மீட்டிங். பழைய ஜனவரி எடைக் குறிப்பேடுகளை எடுத்து வைத்திருக்கிறேன், விடமாட்டேன்.

நீயும் மணிக்கு எத்தனை பீஸ் என்பதோடு ஆல்டர், அதாவது தப்பாகித் திரும்பத் தைக்க வந்தது, எத்தனை என்றும் எழுது. துணி வராமல் லைன் நின்ற நேரத்தைத் தனியாகக் குறித்துவை, தையல்காரர்கள் கணக்கில் சேர்க்காதே. உன் மேனேஜர் இதற்கு ஒத்துக்கொள்வாரா? உடனே எழுது.

அன்புடன்,
மல்லிகா