ஒன்றரைக் கிலோ வேட்டைக்காரி

அன்புள்ள ராமு,

கடிதம் கிடைத்தது. தேயிலைக் காட்டுக்குள் சிறுத்தை வந்து நாயைத் தூக்கிப்போனதைப் படித்துவிட்டு உன் தங்கச்சி (அதான் என் வீட்டுக்காரி) இரண்டு நாளாக உன்னைப் பற்றியே கவலைப்படுகிறாள். ராத்திரி டார்ச் இல்லாமல் வெளியே போகாதே. அவளுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விடுவதுதான் இப்போது என் உத்தியோகம்.

"சிறுத்தையை மிஞ்சிய வேட்டைக்காரன் பூனைக் குடும்பத்திலேயே கிடையாது" என்று எழுதியிருந்தாயே, அங்கேதான் மாட்டிக்கொண்டாய். தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா பக்கத்து வறண்ட புல்வெளிகளில் கருங்கால் பூனை என்று ஒன்று இருக்கிறது. பெண் பூனை ஒன்றே கால், ஒன்றரைக் கிலோதான் இருக்கும். ஆணும் சராசரியாக இரண்டு கிலோதான் இருக்கும். அளவில் நம் பக்கத்துத் துரும்பன் பூனை ஒன்றுதான் இதற்குப் போட்டி. ஆனால் கருங்கால் பூனை நூறு முறை பாய்ந்தால் அறுபது முறை இரை வாயில் இருக்கும். சிங்கத்துக்கு நான்கு பாய்ச்சலில் ஒன்று பலித்தாலே பெரிது.

இதெல்லாம் வாய்க்கு வந்த கணக்கு இல்லை. தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லி நகரத்துக்குப் பக்கத்தில் பென்ஃபொன்டைன் என்ற இடத்தில் அலெக்ஸ் ஸ்லிவா என்ற ஜெர்மன்காரர் 1992-லிருந்து இவற்றின் கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி, ராத்திரி முழுக்க ஜீப்பில் பின்னாலேயே போய்ப் பார்த்து எழுதியது.

ஒரு ராத்திரியில் பத்துப் பதினான்கு இரை, சராசரியாக ஐம்பது நிமிடத்துக்கு ஒன்று. அதற்கு மூன்று வழி வைத்திருக்கிறது. சில நேரம் புல்லுக்குள் விறுவிறுவென்று ஓடி, பதறி எழும்பும் எலியையும் வானம்பாடியையும் பிடிக்கும். சில நேரம் புதர் புதராக மோந்துகொண்டு மெல்ல ஊரும். எனக்குப் பிடித்தது மூன்றாவது. எலி வளை வாசலில் உட்கார்ந்துவிடும், சில சமயம் இரண்டு மணி நேரம் வரைக்கும். கண் பாதி மூடியிருக்கும், உடம்பு அசையாது. காது மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டே இருக்கும். உள்ளே ஒரு கால் நகர்ந்தால் போதும், கண் திறந்துவிடும்.

"உலகின் மிகக் கொடூரமான பூனை" என்று இதற்குப் பட்டம் கட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இது அன்றாடங்காய்ச்சிப் பிழைப்பு, அவ்வளவுதான். சின்ன உடம்பு, சூடு சீக்கிரம் போய்விடும், தினமும் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தின்றாக வேண்டும். ஒவ்வொரு இரையும் ஒரு வாய்க்குத்தான் காணும். அதற்காக ஒரே ராத்திரியில் எட்டுப் பத்துக் கிலோமீட்டர் நடக்கிறது. உன் சிறுத்தை ஒரு நாயை அடித்துவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம், இதற்கு அந்தச் சலுகை இல்லை.

தண்ணீர் கிடைத்தால் குடிக்கும், இல்லாவிட்டால் இரையின் ஈரமே போதும். உள்ளங்காலில் கறுப்பு முடி இருப்பதால் சுடுமணல் உறைக்காது. பகலில் வேறு பிராணி தோண்டிய வளையிலோ, உள்ளே கூடாகிப்போன கறையான் புற்றிலோ தூங்கும். ஒட்டகச்சிவிங்கியையே கழுத்தைக் கடித்துச் சாய்க்கும் என்று அந்தப் பக்கத்துப் பழங்குடிகளான சான் மக்களிடம் ஒரு கதை உண்டாம். மிச்சத்தை நீயே கற்பனை செய்துகொள்.

இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும் நரிக்கு இரையாகிறது, ராமு. போதாக்குறைக்கு, ஆட்டுப் பண்ணைக்காரர்கள் நரிக்கு வைக்கும் விஷத்தையும் தின்று சாகிறது. உயிரியல் பூங்காவில் பத்திரமாக வைக்கலாம் என்றால் அங்கே சிறுநீரகம் கெட்டுப்போகிறது.

சரி, அந்தச் சிறுத்தை திரும்ப வந்ததா? வனத்துறைக்காரர்கள் கூண்டு வைத்தார்களா என்று எழுது. மூட்டுவலிக்கு அந்தத் தைலம் தீர்ந்துவிட்டது, அங்கே வருகிறவர்கள் யாரிடமாவது இரண்டு பாட்டில் கொடுத்து அனுப்பு.

அன்புடன்,
சுந்தரம்