குலசையையும் மகேந்திரகிரியையும் ஒன்றாகப் பார்க்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குலசேகரன்பட்டினம் (குலசை) ராக்கெட் ஏவுதளம் பற்றிய தங்கள் கட்டுரையில், ‘மகேந்திரகிரியில் இத்தனை வருஷமாக எஞ்சின் ஓட்டுகிறார்கள், பணகுடிக்கும் காவல்கிணறுக்கும் என்ன ஆகிவிட்டது?’ என்று கேட்டிருந்தீர்கள். மக்களின் பயத்தைப் போக்கும் நோக்கம் நல்லதுதான். ஆனால் இரண்டையும் ஒப்பிடுவது சரியல்ல. மகேந்திரகிரி இஸ்ரோ தன் திரவ எரிபொருள் எஞ்சின்களைச் சோதிக்கும் இடம். குலசையிலிருந்து கிளம்பப்போகும் எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறு செயற்கைக்கோள் ராக்கெட்டின் மூன்று முக்கியக் கட்டங்களும் திட எரிபொருள்.

திரவ எஞ்சினுக்கு வால்வு உண்டு, அடைத்தால் நிற்கும். 2023 ஜூலை 1 அன்று மகேந்திரகிரியில் செமி கிரையோஜெனிக் (மண்ணெண்ணெயும் குளிர்ந்த திரவ ஆக்ஸிஜனும் எரியும்) எஞ்சின் சோதனை 4.5 நொடி ஓடியிருக்க வேண்டும். டர்பைன் அழுத்தம் எதிர்பாராமல் ஏறியதால் சுமார் 2 நொடியில் நிறுத்தினார்கள். 2001 மார்ச் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் முதல் ஜி.எஸ்.எல்.வி.யின் நான்கு பக்கத் திரவ எஞ்சின்களில் ஒன்று போதிய உந்துவிசை தரவில்லை. கணினி நான்கையும் அணைத்தது. ராக்கெட் மேடையிலேயே தப்பியது. ஏப்ரல் 18-ல் அதே ராக்கெட் பறந்தது. நடுவிலிருந்த திடக் கட்டத்தை அதுவரை பற்றவைக்காமல் வைத்திருந்ததுதான் அது தப்பியதற்குக் காரணம். திரவ எஞ்சின்கள் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்த பிறகே திடத்துக்குத் தீ வைப்பார்கள். அதை ஒருமுறை பற்றவைத்துவிட்டால் அணைக்க வழியில்லை.

எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டத்தில் சுமார் 87 டன் திட எரிபொருள் இருக்கிறது. அம்மோனியம் பெர்குளோரேட், அலுமினியப் பொடி, இரண்டையும் பிணைக்கும் ரப்பர் போன்ற பசை. எரியத் தேவையான ஆக்ஸிஜன் கலவைக்குள்ளேயே இருப்பதால் தண்ணீரோ நுரையோ அடித்துப் பயனில்லை.

ஆகவே இங்கே கவனிக்க வேண்டியது ஏவும் நாளை மட்டுமல்ல. அன்று மேடையருகே ஆளே இருக்கமாட்டார்கள். அதற்கு முந்தைய நாட்களில்தான் ராக்கெட்டை ஒட்டி நின்று ஆட்கள் வேலை செய்கிறார்கள். 2003 ஆகஸ்ட் 22, பிரேசிலின் அல்கன்தாரா: ஏவ இன்னும் மூன்று நாள் இருக்கையில் வி.எல்.எஸ். ராக்கெட்டின் முதல் கட்டத் திட மோட்டார்களில் ஒன்று தானாகப் பற்றிக்கொண்டது. கோபுரத்தில் இருந்த 21 பேரும் இறந்தார்கள். நம் நாட்டிலும் 2004 பிப்ரவரி 23-ல் ஸ்ரீஹரிகோட்டாவின் திட எரிபொருள் ஆலைத் தீயில் 6 பேரை இழந்தோம். அன்றைக்கும் எந்த ராக்கெட்டும் ஏவப்படவில்லை.

திட மோட்டார் பற்றும் வரிசை சின்னது. சிறு மின்னோட்டம் ஒரு திரியைக் கொளுத்தும், திரி பற்றவைப்பானை, அது பல டன் எரிபொருளை. இந்த வரிசையை வெட்டிவைக்க நடுவில் துளையுள்ள சுழலும் உருளை ஒன்றைப் பொருத்துவார்கள். பாதுகாப்பு நிலையில் திரியின் தீ கெட்டியான உலோகத்தில் மோதி அடங்கிவிடும். ஏவுவதற்குச் சற்று முன், ஆட்கள் விலகிய பிறகு, தூரத்திலிருந்து உருளையைத் திருப்பினால்தான் துளையும் திரியும் நேர்கோட்டில் வரும். இது ஒழுங்காக இருக்கிறவரை தவறான மின்சாரம் வந்தாலும் மோட்டார் பற்றாது. நைலான் உடையில் சேரும் நிலைமின்சாரம், எர்த் விட்டுப்போன கம்பி, பக்கத்தில் இயங்கும் வயர்லெஸ், ஐப்பசி கார்த்திகை இடி மின்னல் எல்லாமே இந்தத் திரிக்கு எதிரிகள்.

தங்கள் நிருபர்கள் அடுத்த முறை குலசைக்குப் போகும்போது தயவுசெய்து இவற்றைக் கேட்டு எழுதுங்கள்: பற்றவைப்பானை இணைத்த பிறகு கோபுரத்தில் அதிகபட்சம் எத்தனை பேரை விடுவார்கள்? மின்னல் எவ்வளவு தூரத்தில் வந்தால் வேலையை நிறுத்தி ஆட்களை இறக்குவார்கள்? மணப்பாடு, பெரியதாழை மீனவர்களுக்குக் கடல் மூடும் நாளை எத்தனை நாள் முன்னதாகச் சொல்வார்கள்?

இன்னொன்று, புகை. இந்த எரிபொருளின் வெண்புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும்; கண்ணும் தொண்டையும் எரியும். மேல்காற்று அடித்தால் புகை கடலுக்குள் போய்விடும். கொண்டல் (கீழ்க்காற்று) அடித்தால் உள்பக்கச் செம்மணல் தேரிக்காட்டு ஊர்களை நோக்கி வரும். அப்படி வந்தால் காற்று போகும் திசையிலேயே ஓடக்கூடாது, குறுக்காக விலக வேண்டும். விலக முடியாதவர்கள் வீட்டுக்குள் போய்க் கதவு ஜன்னலை அடைத்துக்கொள்ள வேண்டும். சுற்றியுள்ள ஊராட்சிகளும் திருச்செந்தூர் வட்டத்துத் தீயணைப்பு வீரர்களும் இதை முதல் ராக்கெட் கிளம்புவதற்கு முன்பே ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். அந்த ஒத்திகை எப்போது என்பதையும் கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வள்ளியூர்.