செம்பு பூசிய அலுமினியம்: பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

காவேரிப்பட்டணத்தில் இருந்துகொண்டு இரு மாவட்டங்களிலும் பல ஆண்டுகளாக நெட்வொர்க் கேபிள் இழுக்கும் வேலை செய்து வருகிறேன். முன்னாள் மாணவர்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் திரட்டிய பணத்தில் கணினி அறைக்கும் வாயில் கேமராவுக்கும் கேபிள் வாங்க நேரும்போது, வந்திருக்கும் விலைப்புள்ளிகளில் மிகக் குறைந்ததை நீங்கள் தேர்ந்தெடுப்பது இயல்பு. பொதுப் பணத்தைக் கையாள்பவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டியிருக்கிறது. ஆனால் ஒரே 'கேட் 6' (நெட்வொர்க் கேபிளின் ஒரு தர வகை) பெயரில் வரும் இரண்டு கேபிள் பெட்டிகளுள் ஒன்றின் விலை மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால், அதற்குப் பெரும்பாலும் உள்ளே இருக்கும் உலோகமே காரணம் என்பதையும், அது விலைப்புள்ளியில் எழுதப்படுவதில்லை என்பதையும் தெரிவிக்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

கடைக்காரர்கள் 'சிசிஏ' என்று சொல்வது செம்பு பூசிய அலுமினியக் கம்பி. பரவலாக விற்கும் வகையில் கம்பியின் கன அளவில் பத்தில் ஒரு பங்குதான் செம்பு, மீதி அலுமினியம். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியில் அந்தச் செம்புத் தோலின் கனம் ஏறத்தாழ 13 மைக்ரான்தான். வெட்டுமுனையைப் பார்த்தாலும், கட்டர் இழுத்துவிட்ட செம்பு முனையை மூடிக்கொள்வதால், வேறுபாடு எளிதில் தெரியாது. இதே தடிமனுள்ள முழுச் செம்புக் கம்பியின் மின்தடை 100 மீட்டருக்குச் சுமார் 8.4 ஓம் என்றால், சிசிஏ கம்பிக்கு அது 13.4 ஓம் வரை போகிறது. அமெரிக்கத் தொலைத்தொடர்புத் தொழிலகச் சங்கத்தின் 568 தரநிலை, கம்பி செம்பாகவே இருக்க வேண்டும் என்றும், 100 மீட்டருக்கு 9.38 ஓமைத் தாண்டக் கூடாது என்றும் வரையறுக்கிறது. ஆகவே உறைமேல் 'கேட் 6' என்று எவ்வளவு தெளிவாக அச்சடித்திருந்தாலும், சிசிஏ கேபிள் அந்தப் பெயருக்கு உரியதன்று.

இந்த வேறுபாட்டை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தருமபுரிப் பக்கத்தில் ஒரு பள்ளியின் வாயிலில், அலுவலக அறையிலிருந்து 70 மீட்டர் தள்ளி, ஒரு கேமரா பொருத்தினேன். பகல் முழுவதும் படம் தெளிவாக வந்தது. மாலை ஏழு மணிக்கு மேல் கேமரா அணைந்து அணைந்து எரிந்தது. கேமராதான் பழுது என்று நினைத்து இரண்டு முறை மாற்றினேன், மூன்றாவது கேமராவும் அப்படியே செய்தது. இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரிவதால் மின்னோட்டம் கால் ஆம்பியரிலிருந்து அரை ஆம்பியராக உயர்கிறது என்பதும், கேபிளின் நான்கு கம்பி ஜோடிகளில் தரவுக்குப் போக மீதமிருந்த இரண்டு ஜோடிகள் வழியே அனுப்பிய 12 வோல்ட்டில் நாலே முக்கால் வோல்ட்டை வழியிலேயே சிசிஏ தின்றுவிடுகிறது என்பதும் பிறகுதான் புரிந்தது. கேமராவுக்கு எஞ்சியது 7 வோல்ட் அளவுதான். நியாயமாகச் சொன்னால், முழுச் செம்பு போட்டிருந்தாலும் அங்கே 9 வோல்ட்தான் கிடைத்திருக்கும். அவ்வளவு தொலைவுக்கு 12 வோல்ட் அனுப்பியதே என் தவறு. எனினும் தப்பிப் பிழைக்கக்கூடிய ஒரு தவற்றைப் பிழைக்க விடாமல் செய்தது அந்தக் கேபிள். கட்டிய குழாய்க்குள் போயிருந்த அதை வெளியே இழுத்தபோது நடுவில் அறுந்துபோக, சுவரை உடைக்க நேர்ந்தது. கேபிளில் மிச்சம் பிடித்த பணத்தைவிடக் கொத்தனார் கூலி அதிகமானது.

'எங்கள் கணினி அறையில் அதே கேபிள்தான், ஒரு தொல்லையும் இல்லையே' என்று சில தலைமையாசிரியர்கள் கேட்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். அதிர்வெண் கூடக்கூட மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும். 100 மெகாஹெர்ட்ஸில் அதன் பெரும்பகுதி சுமார் 7 மைக்ரான் ஆழத்துக்குள் அடங்கிவிடும். தரவு செல்வது பெரும்பாலும் அந்த மெல்லிய செம்புத் தோலில் என்பதால், குறைந்த தூரத்தில் சிசிஏ குறையின்றி வேலை செய்கிறது. நேர்மின்சாரமோ கம்பியின் முழுக் குறுக்குவெட்டிலும் ஓடுகிறது. அங்கே அலுமினியத்தின் மின்தடையிலிருந்து தப்ப வழியில்லை. தரவுக் கேபிள் வழியாகவே மின்சாரத்தையும் அனுப்பும் முறைக்கு 'பிஓஇ' என்று பெயர். 2009-இல் வந்த 30 வாட் பிஓஇ தரநிலை, போய்த் திரும்பும் பாதைக்கு 12.5 ஓம் என்ற உச்ச வரம்பை வைத்தே கணக்கிடப்பட்டது. 100 மீட்டர் சிசிஏ தனியாகவே அதைத் தாண்டிவிடுகிறது. சிறிய கேமராக்களுக்கான பழைய 15.4 வாட் பிஓஇ கணக்கில் சற்று இடைவெளி உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் வீணாகும் மின்சாரம் கேபிளுக்குள்ளேயே வெப்பமாக மாறுகிறது, பல கேபிள்களை ஒரே கட்டாகக் கட்டினால் அந்த வெப்பம் வெளியேற இடமிருக்காது. ஆகவே எந்த பிஓஇ இணைப்புக்கும் நான் சிசிஏ போடுவதில்லை.

இணைப்பு முனைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவர்ப்பெட்டியின் கத்தி விளிம்பு கம்பியைக் கவ்வும் இடத்தில் செம்புத் தோல் கிழிந்து அலுமினியம் வெளிப்படுகிறது. காற்றுப் பட்டதும் அதன்மேல் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படிகிறது, ஈரம் சேர்ந்தால் செம்பை ஒட்டியிருக்கும் அலுமினியம் அரிபடுகிறது. சில மழைக்காலங்கள் கழித்து, யாரும் தொடாத கணினி திடீரென்று இணைப்பை இழப்பதற்கு இது ஒரு காரணம்.

இவ்வளவு சொல்லியும், சிசிஏ வாங்கவே கூடாது என்று நான் கேட்கவில்லை. ஒரே அறைக்குள், 30 மீட்டருக்குள், மின்சாரம் செலுத்தாமல், சுவருக்கு வெளியே கேசிங் பட்டையில் ஓடும் கேபிள் சிசிஏவாக இருந்தால் பெரிய இழப்பில்லை. கெட்டால் ஒரு பிற்பகலில் மாற்றிவிடலாம். 30 மீட்டர் என்பது என் அனுபவத்தில் நான் வைத்துக்கொண்ட எல்லை, எந்தத் தரநிலையும் தந்ததன்று. அடிக்கடி கழற்றி மாட்டும் மேசை இணைப்புகளுக்கு அது ஆகாது, ஏனெனில் அலுமினியம் சில வளைவுகளிலேயே முறியும். சுவருக்குள் புதைப்பதற்கும் கேமராவுக்கும் வைஃபை கருவிக்கும் செம்பு கட்டாயம். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டியிருந்தால் செம்பையும் விட்டுவிட்டு ஃபைபர் போடுங்கள். நம் பக்கத்துக் கோடை இடிக்கு அதுவே பாதுகாப்பு.

பெங்களூரில் வாங்கினாலும் சேலத்தில் வாங்கினாலும், விலைப்புள்ளியிலும் பில்லிலும் 'முழுச் செம்பு, சிசிஏ அன்று' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம். பெட்டி வந்த அன்றே ஒரு கம்பியைப் பிளேடால் நீளவாக்கில் சுரண்டிப் பாருங்கள். வெள்ளை தெரிந்தால் அலுமினியம். தீக்குச்சிச் சுடரில் காட்டினால் அலுமினியம் துவண்டு உதிரும், செம்பு சிவக்கும். எடையும் ஓரளவு காட்டிக்கொடுக்கும்: 305 மீட்டர் பெட்டியில் எட்டுக் கம்பிகளுக்கும் சேர்த்துச் செம்பு நாலரைக் கிலோ என்றால், சிசிஏ ஒன்றே முக்கால் கிலோகூட வராது. உறையைத் தடிப்பாக்கி இதை மறைப்பவர்களும் இருப்பதால் எடையை மட்டும் நம்பிவிடக் கூடாது. எல்லாவற்றையும்விட உறுதியானது மல்டிமீட்டர். பெட்டியைத் திறந்து ஒரே கம்பியின் இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். 305 மீட்டருக்கு 29 ஓமைத் தாண்டினால் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம். உங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியரே இதை ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார், மாணவர்களை அருகில் வைத்துக்கொண்டு செய்தால் அன்றைய பாடமும் ஆயிற்று.

ஏற்கெனவே சுவருக்குள் போய்விட்ட கேபிள்களை இந்தக் கோடை விடுமுறையில், வெள்ளையடிப்பதற்கு முன், இதே முறையில் அளந்துவிடுங்கள். ஒரு முனையில் ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளையும் முறுக்கிவிட்டு மறுமுனையில் அளந்தால், 50 மீட்டர் கேபிளுக்கு 9 ஓம் அளவில் வர வேண்டும். 13 வந்தால் அந்தக் கேபிளில் மின்சாரம் அனுப்ப வேண்டாம் என்று நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள். அடுத்து கேமரா பொருத்த வருபவர் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
நெட்வொர்க் கேபிள் வேலை செய்யும் ஒருவன்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.