சிவப்பு போன்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கு எல்லாரும் நலம். மாவடு பார்சல் வந்து சேர்ந்ததா? சின்ன டப்பாவில் வெந்தயப் பொடி தனியாக இருக்கும், அது மாப்பிள்ளைக்கு. அவருக்குச் சர்க்கரை இப்போது எப்படி? போன வாரம் கேட்டதற்கு "ஓகே மா" என்று போட்டாய். அதற்கு முந்தின வாரமும் "ஓகே மா."

நீ ராத்திரி தூங்குகிறாயா? காலையில் காப்பி போட்டுவிட்டு வாட்ஸ்அப்பைத் திறந்தால் உன் பெயருக்குக் கீழே 2.50, 3.10 என்று நிற்கிறது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாசியிலிருந்து தினமும். ஆபீஸ் வேலை என்றால் சரி, நைட் ட்யூட்டி எனக்குத் தெரியாததா? ஆனால் நைட் ட்யூட்டி பார்த்தவள் பகலில் படுப்பாள். நீ காலை ஏழு மணிக்குக் குட்டியை பஸ் ஏற்றிவிடுகிறாயே. நேரத்துக்குச் சாப்பிடு. தூங்கு.

உன் குரலைக் கேட்டால் நான் இவ்வளவு கேட்க மாட்டேன். 1979-ல் டெலிபோன் ஆபீஸில், வெளியூர் கால்களைச் சேர்த்துவிடுகிற ட்ரங்க் போர்டில் உட்கார்ந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை கால். அர்ஜென்டுக்கு இரண்டு மடங்கு காசு, லைட்னிங்குக்கு எட்டு மடங்கு. லைட்னிங் கேட்கிற வீட்டில் பெரும்பாலும் சாவாக இருக்கும். எந்த ஊர், என்ன நம்பர் என்று கேட்டு டிக்கெட் எழுதும்போதே குரலில் தெரிந்துவிடும். ஆர்டினரி புக் பண்ணிவிட்டுப் பணம் இல்லாமல் காத்திருக்கிறவர்களின் குரலும் தெரியும். அவர்களுடைய டிக்கெட்டை எத்தனையோ தடவை முன்னால் நகர்த்தி வைத்திருக்கிறேன்.

நீ ஹாஸ்டலில் இருந்தபோது ராத்திரி பதினொரு மணிக்குமேல் கால்வாசி ரேட் என்று மஞ்சள் போர்டு போட்ட எஸ்டிடி பூத்தில் வரிசையில் நிற்பாய். மீட்டரைப் பார்த்துக்கொண்டே மூச்சு விடாமல் பேசுவாய். அந்த வேகத்திலும் அன்றைக்கு நீ அழுதாயா இல்லையா என்று எனக்குத் தெரியும். "ஓகே மா"வில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, பாப்பா.

1991-ல் இந்த நாட்டில் 84 கோடிப் பேருக்கு ஏறக்குறைய 50 லட்சம் போன்தான். மனுக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். எங்கள் ஆபீஸ் ஜன்னலில் வந்து, மகள் கல்யாணத்துக்குள் வந்துவிடுமா என்று கேட்டவர், அடுத்து பேரன் பிறந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தார். 1995-ல் செல்போன் வந்தபோது வருகிற காலுக்கும் காசு. 2003-ல்தான் அது நின்றது, அதற்குப் பிறகுதான் கொத்தனார் கையிலும் பூக்காரம்மா கையிலும் போன் வந்தது. இன்றைக்கு நூறு கோடிக்குமேல் இணைப்பு இருக்கிறது. பென்ஷனர் கூட்டத்தில் பழைய ஆபரேட்டர்கள் உன்னைக் கேட்டால், குருகிராமில் 5ஜி வேலை பார்க்கிறாள் என்று சொல்வேன். நான் பிளக்கைச் சொருகி ஒவ்வொரு ஊராகச் சேர்த்த வேலையை நீ நாடு முழுக்கச் செய்கிறாய் என்று அவர்களுக்கு விளக்குவேன். அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

அந்த வேலை பார்க்கிறவள் வாரத்தில் ஐந்து நிமிஷம் பேச மாட்டாயா? வீடியோ காலில் வந்தாலும் போனைக் குட்டியிடம் கொடுத்துவிடுகிறாய். 2013 ஜூலையில் தந்தி நிற்கப் போகிறது என்றதும் வரிசையில் நின்று உனக்கு ஒரு தந்தி கொடுத்தேன். வந்ததா என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. பொங்கலுக்கு நீயும் குட்டியும்தான் வந்தீர்கள். அவருக்கு லீவு இல்லை என்றாய். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று எழுதத்தான் இந்தக் கடிதம். மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

போர்டில் ஒரு சட்டம் உண்டு. லைன் கிடைத்ததா என்று கீயைப் போட்டுக் கேட்கலாம், பேச்சு தொடங்கியதும் வெளியே வந்துவிட வேண்டும். நான் வந்துவிடுவேன். வீட்டில் வரவில்லை. 2005 தையில், உன் கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது. செல்லில் வெளியூர் பேசினால் காசு என்று நீ கூடத்தில் லேண்ட்லைனில் கோயம்புத்தூர் சிநேகிதியோடு பேசிக்கொண்டிருந்தாய். நான் அப்பத்தா ரூமில் அதே லைனில் இருந்த சிவப்பு போனை எடுத்தேன். "அம்மாவுக்காகத்தான்டி சரின்னேன், எனக்கு மனசே இல்ல" என்றாய். சத்தம் கேட்காமல் ரிசீவரை வைக்க எனக்கா தெரியாது?

பத்திரிகை கொடுக்க ஆரம்பித்திருந்தோம். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. உன்னிடம் பேசினால் ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. கேட்டால் நீ நிஜத்தைச் சொல்லிவிடுவாய், பிறகு நான் ஏதாவது செய்தாக வேண்டும், அதற்குத்தான் பயந்தேன். சிவகாசி அத்தை வீட்டில் நடந்த பிறகு, இன்னொரு கல்யாணம் நின்றது என்று பேர் வரக்கூடாது என்று இருந்தேன். முகம் தெரியாத ஊர்க்காரர்களுக்கு டிக்கெட்டை முன்னால் நகர்த்தியவள், உன்னுடையதை எடுத்து மறைத்துவிட்டேன்.

இருபது வருஷமாக மாப்பிள்ளை தங்கம் என்று எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். உன்னிடமும் சொன்னேன், நீ வாய் திறக்க வந்தபோதெல்லாம் சொன்னேன். இப்போது யோசித்தால், நீ பேசாமல் போனது அதனால்தானோ என்று இருக்கிறது.

அவரைப் பற்றி நான் ஒன்றும் முடிவு கட்டவில்லை. நீ என்ன சொன்னாலும் கேட்பேன். இங்கு வந்து இருக்க வேண்டுமென்றால் மாடி ரூமைச் சுத்தம் பண்ணி வைத்திருக்கிறேன், குட்டிக்கும் சேர்த்து. ஊர் என்ன சொல்லும் என்று நான் கேட்க மாட்டேன்.

போன வருஷம் செப்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் இழுத்தார்கள். நம்பர் பழைய நம்பர்தான். அப்பத்தா ரூம் சிவப்பு போனைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன், கூடத்தில் இருக்கிற ஒன்றுதான். ராத்திரி மூன்று மணியானாலும் அடி. நான் ஒருத்திதான் எடுப்பேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. மாவடுவில் ஈரக் கரண்டி போடாதே.

அம்மா