காசுமாலையை அழிக்கும் முன்

மாக்டபர்க், ஜெர்மனி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மணிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மூத்தவளுக்கு வைகாசியில் கல்யாணம் என்று படித்ததும் என் மனைவியையும் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன். நாகராஜா கோவில் திடலில் பொரிகடலை கேட்டு அழுத பிள்ளை! மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனுஷர்கள் என்று எழுதியிருக்கிறாய், அது போதும். மைனிக்கு மூட்டுவலி தேவலையா? இங்கே குளிர் இன்னும் விட்டபாடில்லை. வாசற்படியில் மணலைத் தூவிவிட்டுத்தான் கால் வைக்கிறோம்.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். ஆச்சியின் காசுமாலையை அழித்து ஆரமும் வளையலும் செய்யப்போகிறோம், ஆசாரி மாசிக் கடைசியில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் என்று. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் பாதியில் பேச்சு வேறெங்கோ போய்விடும், அதனால் எழுதுகிறேன். நேற்று பெர்லினில் ஒரு காசைப் பார்த்தேன். அந்தக் கதையைப் பொறுமையாகக் கேள்.

பெர்லினில் குளிர்காலம்தோறும் வேர்ல்ட் மனி ஃபேர் என்று மூன்று நாள் நாணயச் சந்தை கூடும். 1972-ல் சுவிட்சர்லாந்தின் பாசலில் தொடங்கியது, 2006 முதல் பெர்லினில் நடக்கிறது. சோனன்அல்லே ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே எஸ்ட்ரெல் ஹோட்டல், அதற்குள்தான் சந்தை. பல நாடுகளின் நாணயம் அடிக்கும் அக்கசாலைகளும் கடை போட்டுப் புத்தம்புதுக் காசுகளை மின்ன மின்ன அடுக்கி வைத்திருப்பார்கள். நான் அங்கே நிற்பதில்லை. பழங்காசு டீலர்களின் மேசைக்கு நேராகப் போய்விடுவேன். வெல்வெட் தட்டு, வளைந்த கழுத்து விளக்கு, ஒவ்வொரு காசுக்குக் கீழேயும் கையால் எழுதிய சீட்டு. அமெரிக்காவில் காசை பிளாஸ்டிக் கூட்டுக்குள் சீல் வைத்து, மார்க் போட்டு விற்கும் வழக்கம் அதிகம். இங்கே இன்னும் விளிம்பைப் பிடித்து எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்க்க விடுகிறார்கள். கனமும் ஓரத்தின் கூர்மையும் விரலுக்குத்தான் தெரியும்.

நாலு வருஷம் முன்னால் ஒரு கடையில் தாலர் என்ற பழைய ஜெர்மானிய வெள்ளிக்காசு ஒன்று வாங்கி ஏமாந்தேன். வீட்டில் நிறுத்தால் இரண்டு கிராம் குறைகிறது, விளிம்பில் அரம் வைத்துத் தேய்த்த தடம். அச்சில் அடித்த காசல்ல, வார்த்தெடுத்தது. அந்த இரவு தூக்கமே வரவில்லை. அன்றிலிருந்து சட்டைப்பையில் ஒரு குட்டித் தராசும் லென்ஸும் இல்லாமல் எந்தச் சந்தைக்கும் போவதில்லை.

நேற்று முதலில் வாங்கியது எங்கள் மாக்டபர்க்கின் சொந்தக் காசு. பிராக்டியேட் என்பார்கள். 12, 13-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய நாடுகளில் புழங்கியது. காகிதம்போல் மெல்லிய வெள்ளித் தகடு, ஒரு பக்கம் மட்டும்தான் அச்சு. முன்னால் உருவம் புடைத்திருக்கும், பின்னால் திருப்பினால் அதே உருவம் பள்ளமாக இருக்கும், பொட்டுத்தாலியின் பின்பக்கம் மாதிரி. ஒரு கிராம் எடைகூட இல்லை. என் காசில் புனித மௌரீஸ் ஒரு கையில் கொடியும் ஒரு கையில் சிலுவையுமாக நிற்கிறார். எகிப்திலிருந்து வந்த ரோமானியப் படைத்தலைவர் என்பது மரபு. எங்கள் ஊர்ப் பேராலயத்தில் அவருக்கு 1240-களை ஒட்டிச் செய்த கற்சிலை இருக்கிறது. இரும்பு வளையக் கவசத்துக்குள் கறுத்த ஆப்பிரிக்க முகம். இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம், தெருவில் என் நிறத்தில் ஒரு முகம் காணாத நாட்களில், அந்தச் சிலைக்கு முன்னால் போய் உட்கார்ந்திருப்பேன். அவரைக் காசில் பார்த்ததும் பேரம்கூடப் பேசவில்லை.

இந்தக் காசின் கதை உனக்குப் பிடிக்கும். 1152 முதல் 1192 வரை இங்கே பேராயராக இருந்த விக்மன் வருஷத்துக்கு இரண்டு தடவை காசை மாற்றுவார். பழையது செல்லாது. பன்னிரண்டு பழசைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒன்பது புதுசு கிடைக்கும். மீதி மூன்று அவருக்கு வரி. 2016 நவம்பரில் ஆயிரம் ரூபாய் நோட்டோடு வடசேரியில் பேங்க் வாசலில் நின்றதை நீ பக்கம் பக்கமாக எழுதியிருந்தாயே, அதை இந்த ஊர்க்காரர்கள் ஆறு மாசத்துக்கொரு தடவை பட்டிருக்கிறார்கள். திரும்பி வந்த காசெல்லாம் உருக்கித்தான் புதுக்காசு. இன்று நம் கைக்கு வருவதில் பெரும்பகுதி, எவரோ பானையில் போட்டுப் புதைத்துவிட்டு எடுக்காமல் போனது. அதாவது, உருக்குச்சட்டியிலிருந்து தப்பியது.

அடுத்த மேசையில் இங்கிலாந்தின் பென்னி என்ற வெள்ளிக்காசில் பாதி கிடைத்தது. உடைந்ததல்ல, வேண்டுமென்றே வெட்டியது. சில்லறைக்குப் பின்பக்கச் சிலுவைக் கோட்டை ஒட்டி இரண்டாகவோ நான்காகவோ வெட்டிவிடுவார்கள். 1279-ல் முதலாம் எட்வர்டு தொடங்கிய புது நாணய முறையில்தான் வட்டமான அரைக்காசும் கால்காசும் தாராளமாக வந்தன. என் துண்டில் ராஜாவின் முகத்தில் பாதியும் 'ஹென்றி' என்ற பெயரின் முன்பாதியும் இருக்கின்றன. எந்த ஹென்றி என்று மட்டும் கேட்காதே. 1180-ல் இரண்டாம் ஹென்றி தொடங்கிய இந்தக் காசை ரிச்சர்டும் ஜானும் ராஜாவாக இருந்தபோதும் பெயர் மாற்றாமலே அடித்தார்கள். பிராகா குரோஷன் என்ற பழைய செக் வெள்ளிக்காசு ஒன்றையும் பார்த்தேன். இரட்டை வால் சிங்கம் அழகுதான், ஆனால் எவரோ அழுக்குப் போகத் தேய்த்து வெள்ளையாக்கியிருந்தார்கள். பல நூற்றாண்டாகப் படிந்த கறுப்பு போய்விட்டால் திரும்ப வராது. வைத்துவிட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் போன மேசையில்தான் டுகாட் இருந்தது. வெனிஸ் நகரத்தின் தங்கக்காசு. 1284-ல் ஜொவான்னி தாண்டலோ என்ற டோஜே அடிக்கத் தொடங்கியது. டோஜே என்றால் அந்தக் குடியரசின் தலைவர். 1797-ல் நெப்போலியன் அந்தக் குடியரசை முடிக்கும்வரை ஐந்நூறு வருஷம், எடை மூன்றரை கிராம், மாற்றுக் குறையாத பசும்பொன், உருவமும் ஏறக்குறைய அதேதான். அந்த நேர்மையே அதன் கீர்த்தி. எகிப்தின் சுல்தான் பர்ஸ்பாய் 1425-ல் அஷ்ரஃபி என்ற தன் பொற்காசை ஏறக்குறைய இதே எடையில் அடித்ததும் இதோடு போட்டி போடத்தான். வெனிஸ்காரர்கள் அலெக்சாண்டிரியாவில் மிளகுக்குக் கொடுத்த இந்தப் பொன் செங்கடல் வழியாகக் கோழிக்கோட்டுக்கும் கொல்லத்துக்கும் வந்து சேர்ந்தது.

ட்ரேயில் இருந்தது ஆந்திரேயா தாண்டலோ என்ற பிற்கால டோஜேவுடையது, 1343-க்கும் 1354-க்கும் இடையில் அடித்தது. ஒரு பக்கம், நீள்வட்டத்துக்குள் நட்சத்திரங்கள் சூழக் கிறிஸ்து. மறுபக்கம், புனித மாற்கு நின்றுகொண்டு, மண்டியிட்ட டோஜேவிடம் கொடிக்கம்பத்தைத் தருகிறார். கம்பத்தை ஒட்டி மேலிருந்து கீழாக DVX, 'தூக்ஸ்', அதாவது டோஜே, என்று மூன்று லத்தீன் எழுத்து. லென்ஸில் பார்த்தபோது என் கை நடுங்கியது. விலை கைக்கு எட்டவில்லை. திருப்பிக் கொடுத்தேன்.

நான் இந்தியன் என்று தெரிந்ததும் கடைக்கார அம்மா மேசைக்கடியிலிருந்து ஒரு தகரடப்பாவை எடுத்தார்கள். மூடியில் 'இந்தியா, நகல்' என்று ஜெர்மனில் எழுதியிருந்தது. உள்ளே பத்துப் பன்னிரண்டு காசு. எல்லாம் டுகாட் மாதிரி, ஆனால் டுகாட் அல்ல. மாற்குவும் டோஜேவும் குச்சி குச்சியாக நிற்கிறார்கள், எழுத்தெல்லாம் வெறும் கோடும் புள்ளியும். "இதை யாரும் கேட்பதில்லை. போன மாசம்கூட எட்டை உருக்கக் கொடுத்தேன்" என்றார்கள்.

ஒன்றை எடுத்துப் பார்த்தேன் மணி. மேல் ஓரத்தில் வளையம் பற்றவைத்த வடு. கிறிஸ்துவின் பக்கம் மழுமழுவென்று தேய்ந்திருந்தது, மறுபக்கம் அவ்வளவு இல்லை. ஏன் என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. தேய்ந்தது மார்போடு உரசிக் கிடந்த பக்கம். எவளோ ஒருத்தி வருஷக்கணக்காகக் கழுத்தில் போட்டிருந்திருக்கிறாள். வெளியே பார்க்க இருந்த பக்கத்தைத் திருப்பி நேராகப் பிடித்தேன். நடுவில் கொடிக்கம்பம் இல்லை. பனைமரம் நின்றது. உச்சியில் ஓலை, இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன்.

உன் ஆச்சி திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, மாலையை நம் கையில் கொடுத்து எண்ணச் சொல்வார்களே, ஞாபகம் இருக்கிறதா? யார் ஆச்சி இந்த ரெண்டு பேரும் என்று நீ கேட்டாய். "பனையேறியப்பா, அக்கானி எறக்க வந்திருக்கான்" என்றார்கள். நமக்குக் காசுமாலை ஒரு விளையாட்டு அப்போது. நம் பக்கத்தில் வெனிஸ் காசுக்கு அந்தக் காலத்தில் சாணார் காசு என்றே பெயர். கொடியை மக்கள் பனையாகக் கண்டார்கள், பனையைக் கண்ட பெயரே காசுக்கும் நின்றது. பிறகு நம் தட்டார்கள் தங்கள் கையாலேயே நகைக்காக அதை அடித்தார்கள். லத்தீன் தெரியாது, எழுத்தைக் கோலமாக்கினார்கள். மாற்குவைத் தெரியாது, பனையேறியைத் தெரியும். அதை நகல் என்று டப்பாவில் எழுதி வைத்தது எனக்குப் பொறுக்கவில்லை. பொன் பொன்தான். கையும் கண்ணும் நம்முடையவை.

என் தராசில் மூன்று கிராமும் கொஞ்சமும் காட்டியது. பொன்விலைக்கு மேல் ஐம்பது யூரோ கேட்டார்கள், கொடுத்தேன். இப்போது மேசையில் மௌரீஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மீதியை வாங்கக் கையில் பணமில்லாமல் ரயிலேறியதுதான் வழிநெடுக உறுத்தியது.

அதனால் கேட்கிறேன். ஆசாரியிடம் கொண்டுபோகும் முன்னால் மாலையை வெளிச்சத்தில் விரித்து ஒவ்வொரு காசாகப் பார். பூந்திக்கொட்டை போட்டுத் துலக்காதே, ஈரத்துணிகூட வேண்டாம். எழுத்து கூர்மையாக, கம்பத்தோரம் அந்த மூன்று எழுத்தும் தெளிவாகத் தெரியும் காசு இருந்தால் தனியே குறித்துவை. அது வெனிஸிலிருந்தே வந்ததாக இருக்கலாம், எடைக்குப் போடுவது நஷ்டம். எழுத்து கோலமாக இருந்தால் அது நம் ஊர்க்காரன் கை. அதையும் எடைக்குப் போடாதே. இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

மகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாதே என்று சொல்ல நான் யார்? ஆனால் அவளுக்கு நான் சித்தப்பா. வளையல் என் சீர், அதில் பேச்சே வேண்டாம். ஆரத்துக்குக் குறைகிற பொன்னையும் இரண்டு பேருமாகப் பார்த்துக்கொள்வோம். மாலை மாலையாகவே இருக்கட்டும். மணவறையில் அவள் கழுத்தில் அது கிடப்பதைப் பார்க்க வைகாசியில் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம், டிக்கெட்டை நாளைக்கே போடுகிறேன்.

மைனியிடம் கேட்டுவிட்டு மாசி பிறக்கும் முன் பதில் எழுது.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுக் கூட்டாளி