நேவாக் கரையிலிருந்து அப்பாவுக்கு

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்,
மார்ச் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். அரிசி, துவரம்பருப்பு எல்லாம் இந்தியக் கடையில் கிடைக்கிறது, கவலை வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். குளிர்தான் இன்னும் விடவில்லை.

இன்று இங்கே நீர்மூழ்கி வீரர்கள் நாள். 1906இல் ஜார் இரண்டாம் நிக்கோலாய் நீர்மூழ்கிகளைத் தனி வகைக் கப்பல்களாகக் கடற்படையில் சேர்த்த நாள் இது. நீங்கள் வேலை பார்த்த நம் இந்தியக் கடற்படை நீர்மூழ்கி குர்சுராவும் இந்த ஊரில் கட்டியதுதானே? அதனால் காலையிலிருந்து உங்கள் நினைப்பாகவே இருக்கிறது.

நான் குடியிருக்கும் வாசிலியெவ்ஸ்கி தீவில்தான் பால்டிக் கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. ரஷ்யக் கடற்படையின் முதல் போர் நீர்மூழ்கியான டெல்ஃபினை, புப்னோவ் என்ற பொறியாளரின் குழு வடிவமைத்து இங்கேதான் கட்டியது. நீளம் 20 மீட்டர்கூட இல்லை. 1904 ஜூனில், பயிற்சிக்காக முப்பது பேருக்கு மேல் அதில் ஏறியிருக்கிறார்கள். படகு மூழ்குவதற்காகத் தொட்டிகளில் தண்ணீர் நிரம்பும்போது அங்கிருந்த காற்று படகுக்குள்ளேயே வருமாம். அது வெளியேற, மேல்மூடியைக் கடைசி நிமிடம் வரை திறந்தே வைப்பது வழக்கம். அன்று ஆள் பாரம் அதிகம். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் போன இழுவைப் படகின் அலை உள்ளே புகுந்துவிட்டது. தளத்தின் சுவரோரமாகவே மூழ்கி, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். கரையில் நின்றவர்கள் கண்முன்னே, அப்பா. அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகிறது.

ஜப்பானோடு போர் நடந்துகொண்டிருந்ததால், படகை மேலே தூக்கிப் பழுதுபார்த்து, ரயிலில் ஏற்றி விளாதிவஸ்தோக்குக்கு அனுப்பினார்கள். 1905இல் அங்கேயும் பெட்ரோல் ஆவி வெடித்து மறுபடி மூழ்கியது. அப்படியும் இவர்கள் விடவில்லை. முதல் உலகப்போரில் புப்னோவ் வடிவமைத்த ‘வோல்க்’ நீர்மூழ்கி 1916 மே 17 அன்று ஒரே நாளில் மூன்று ஜெர்மன் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தது. உலகிலேயே முதன்முதலாகக் கண்ணிவெடி விதைக்கக் கட்டிய நீர்மூழ்கியான ‘கிராப்’ கருங்கடலில் இருந்தது. ஆனால் வோல்க் வகைப் படகுகளுக்குள் தடுப்புச் சுவர்களே கிடையாதாம். ஓரிடத்தில் தண்ணீர் புகுந்தால் முழுப் படகும் போச்சு. இதைத் தெரிந்துகொண்டே இறங்கியவர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

‘அகூலா’ என்ற இன்னொரு ரஷ்ய நீர்மூழ்கி 1915 நவம்பரில் கண்ணிவெடிகளோடு போனது, திரும்பவே இல்லை. எஸ்தோனியக் கடலடியில் 2014இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். சுமார் நூறு வருஷம் அந்தக் குடும்பங்களுக்கு இடம்கூடத் தெரியாமல் இருந்திருக்கிறது.

நீங்கள் கடலுக்குப் போனபோது அம்மா ஏன் சரியாகச் சாப்பிடமாட்டார் என்று இப்போது புரிகிறது. அப்புறம் ஒன்று கேட்க வேண்டும்: குர்சுரா மூழ்கும் முன்னால் மூடிகள் எல்லாம் சரியாக அடைத்தாயிற்று என்பதை எப்படி உறுதிசெய்வீர்கள்? யார் பொறுப்பு? அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகன்